புதிய மடிக்கணினியோடு வந்த ட்ரையல் மென்பொருள்களை நீக்கினால் ஆபிஸும் போய்விடுமா?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காகச் சென்ற மாதம் விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்று வாங்கினோம். அதோடு வந்த ஆண்டிவைரஸின் 30 நாள் ட்ரையல் முடிந்ததிலிருந்து, திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று தோன்றி, கணினி ஆபத்தில் இருப்பதாகவும் உடனே பணம் கட்டிப் புதுப்பிக்குமாறும் மணிக்கொரு முறை மிரட்டுகிறது. அதைப் பார்த்துப் பயந்துபோன என் மனைவி கார்டு எண்ணையே உள்ளிட்டுவிட்டார், ஓ.டி.பி. என் கைப்பேசிக்கு வந்ததால்தான் விஷயம் தெரிந்து தடுக்க முடிந்தது. நாங்கள் கேட்காத விளையாட்டுகளும் கடைச் செயலிகளும் வேறு நிறைந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவலாமா? ஆயுட்கால ஆபிஸ் உண்டு என்று கடைக்காரர் சொல்லித்தான் விற்றார். அதுவும் சேர்ந்து போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

மறுமொழி 1:

ஐயா, அந்த ஆண்டிவைரஸை நீக்குவதால் கணினி பாதுகாப்பற்றுப் போகாது. விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது. வேறொரு ஆண்டிவைரஸ் காவலுக்கு நிற்கும்வரை அது ஒதுங்கி நிற்கும், மற்றது நீங்கிக் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று அன்இன்ஸ்டால் செய்தாலே பெரும்பாலும் போதும். அப்படியும் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால், பெரிய ஆண்டிவைரஸ் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை முழுமையாக அகற்றுவதற்கென்றே தனிக் கருவியை இலவசமாகத் தருகின்றன.

ஆபிஸ் விஷயத்தில்தான் அவசரப்படக் கூடாது. வேர்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் என்பதைச் சொடுக்கி, அங்கே என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 என்று மட்டும் இருந்தால் அது சந்தா. காலம் முடிந்ததும் கோப்புகளைத் திறந்து படிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. ஆபிஸ் ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2021, ஆபிஸ் ஹோம் 2024 போன்ற பெயர் இருந்தால் கடைக்காரர் சொன்னது உண்மை. ஆனால் அந்த உரிமத்தை ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து ஆக்டிவேட் செய்தால்தான் அது உங்களுடையது, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கடைக்காரரின் மின்னஞ்சலில் அல்லாமல் உங்கள் மகளின் மின்னஞ்சலில் இணையுங்கள் (கடையிலேயே "செட்டப்" செய்து வாங்கி வருபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்). இணைத்துவிட்டால், வன்தட்டை முழுக்க அழித்தாலும் அதே கணக்கில் நுழைந்து ஆபிஸை மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம்.

மறுமொழி 2:

மேலே உள்ளவர் சொன்னதோடு உடன்படுகிறேன். எனினும் முழுமையாகத் துடைப்பதே நல்லது என்பது என் கருத்து. இந்த மென்பொருள்கள் நம் வசதிக்காக வருபவையல்ல. மென்பொருள் நிறுவனங்கள் கொடுக்கும் பணத்துக்காகக் கணினித் தயாரிப்பாளர்கள் ஏற்றி அனுப்புபவை. 2008இல் சோனி தனது வயோ மடிக்கணினிகளில் ஒரு ரகத்தை இத்தகைய மென்பொருள்கள் இல்லாமல் தருவதற்கு ஏறத்தாழ 50 டாலர் கூடுதலாகக் கேட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டது. குப்பையை எடுக்கவும் கூலி கேட்ட கதை அது. 2014 செப்டம்பர் முதல் லெனோவோ விற்ற சில மடிக்கணினிகளில் இருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இதைவிட மோசம். விளம்பரம் நுழைப்பதற்காக அது தனக்கென ஒரு ரூட் சான்றிதழை (எந்த இணையதளம் அசல் என்று கணினி நம்புவதற்கு அடிப்படையான சான்று) கணினியில் பதித்துக்கொண்டது. எல்லாக் கணினிகளிலும் அச்சான்றிதழுக்கு ஒரே மறைசாவி (ரகசியக் குறியீடு) இருந்ததால், அச்சாவியைப் பிரித்தெடுத்த எவரும் அதே வைஃபையில் அமர்ந்துகொண்டு உங்கள் வங்கித் தளம்போல் நடித்திருக்க முடியும். 2015 பிப்ரவரியில் அது அம்பலமான பிறகே நீக்கும் கருவியை நிறுவனம் வெளியிட்டது.

விண்டோஸின் உரிமச் சாவி மடிக்கணினியின் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் மறுபடி வாங்க வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி நிறுவுங்கள். ரீசெட் வசதியை மட்டும் நம்பினால், பல நேரங்களில் தயாரிப்பாளர் வைத்த செயலிகளும் கூடவே திரும்பி வந்துவிடும்.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ஆபிஸ் ஹோம் 2024 என்றே இருக்கிறது, இதுவரை ஆக்டிவேட் செய்யப்படவில்லை. இன்றே மகளின் கணக்கில் இணைத்துவிட்டேன். ஆண்டிவைரஸையும் நீக்கியாயிற்று, மிரட்டல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவள் விடுதியிலிருந்து வரும்போது பென்டிரைவ் வேலையைச் செய்யலாம் என்றிருக்கிறேன்.

மறுமொழி 2:

அதற்கு முன் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, வைஃபை டிரைவரையும் (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்), இன்டெல் பிராசஸர் என்றால் வன்தட்டுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரையும் எடுத்து, விண்டோஸை ஏற்றிய பிறகு அதே பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னது இல்லாவிட்டால் சில மாடல்களில் நிறுவும்போது வன்தட்டே கண்ணில் படாது. பழுதாகிவிட்டதென்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம், "லோட் டிரைவர்" என்பதை அழுத்தி அந்தக் கோப்புறையைக் காட்டினால் வந்துவிடும்.