செக் கையில் இருக்கிறது, பணம்தான் வரவில்லை

பிரிண்டிங்காரன்: திருப்பூரில் சின்னதாக ஸ்கிரீன் பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்கிறேன். ஒரு பனியன் கம்பெனியிடம் 2,40,000 ரூபாய் ஏழு மாதமாக நிற்கிறது. போன் அடித்தால் "எக்ஸ்போர்ட் பேமெண்ட் வரட்டும்ணா" என்பார். நடுவில் 1,50,000க்கு ஒரு செக் கொடுத்து, நான் சொன்னப்புறம் போடுங்க என்றார், இன்று வரை சொல்லவில்லை. போலீசில் புகார் கொடுக்கலாமா?

நூல்காரர்: போலீஸ் அப்புறம். செக்கில் என்ன தேதி? 3 மாதம் தாண்டினால் அது வெறும் காகிதம்.

பிரிண்டிங்காரன்: இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இன்னும் 9 நாள்தான்!

நூல்காரர்: அப்போ நாளைக்கே போடுங்க, அவரிடம் கேட்க வேண்டாம். திரும்பி வந்தால் பேங்க் தரும் ரிட்டர்ன் மெமோவை (செக் ஏன் திரும்பியது என்று எழுதிய சீட்டு) பத்திரமாக வைங்க, அது கிடைத்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்டில் போயாகணும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் கட்டவில்லையென்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் மோசடிக்கான 138 பிரிவில் (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) வழக்கு. உங்கள் கணக்கு இருக்கும் கிளைப் பக்கத்துக் கோர்ட்டிலேயே போடலாம். நோட்டீஸில் செக் தொகை 1,50,000ஐத் தனியாகத் தெளிவாகக் கேளுங்க, மீதி 90,000ஐ அதோடு சேர்த்து ஒரே தொகையாக எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். நான் அப்படி ஒரு கேஸைக் கோட்டை விட்டேன்.

கணக்குப்பிள்ளை: மீதி 90,000க்கு வேறு வழி இருக்கு. உத்யம் பதிவு, அதாவது சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு, இருக்கா? வேலை செய்து கொடுப்பதற்கு முன்பே எடுத்திருந்தால், சிறு தொழில்களின் பாக்கியை வசூலித்துத் தரும் அரசின் எம்எஸ்எம்இ கவுன்சிலில் மனு போடலாம். 2006 எம்எஸ்எம்இ சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கி விற்கிற வியாபாரிக்கு இது கிடையாது, ஜாப் ஒர்க்குக்கு உண்டு. கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான் எல்லாம் இருக்கா?

பிரிண்டிங்காரன்: உத்யம் 2021லேயே எடுத்துவிட்டேன். சலான் மூன்றில் கையெழுத்து இருக்கிறது, ஒன்றில் வாட்ச்மேன் கிறுக்கியது மட்டும்தான்.

கணக்குப்பிள்ளை: அதற்கு வாட்ஸப்பில் "சரக்கு வந்துச்சு"னு ஏதாவது போட்டிருப்பார், தேடுங்க, சாட்டை அழிக்காதீங்க. சிவில் வழக்குக்கு 3 வருடம் இருக்கு, அதுக்காகத் தூங்கிடாதீங்க.

பிரிண்டிங்காரன் (இரண்டு நாள் கழித்து): செக்கைப் போட்டுவிட்டேன். ஏழு மாதமாக நான்தான் கூப்பிட்டேன், இன்று காலையிலிருந்து அவர் நாலு தடவை கூப்பிட்டுவிட்டார். இன்னும் எடுக்கவில்லை.