புதுப்பிப்பு: சமூகப்பணியில் முனைவர் பட்டம், இடம் கிடைத்துவிட்டது

போன வருடம் இங்கே கேட்டிருந்தேன்: எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணியில் முதுகலை) முடித்து ஒன்பது வருடமாகக் கடலூரில் களப்பணி, வேலையை விடாமல் பிஎச்.டி. செய்ய முடியுமா என்று. முடியும். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் மூன்றாவது பிரிவில் தேறினேன். அதாவது உதவித்தொகை கிடையாது, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி. தரவரிசையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், தள்ளிப்போடாதீர்கள். பகுதிநேரம் என்றால் வேலை செய்யும் இடத்தில் தடையில்லாச் சான்று கட்டாயம். எனக்கு அதை வாங்கவே இரண்டு மாதம் அலைச்சல்.

நேர்காணலில் கேட்டதில் ஒரு கேள்வி மனதில் நிற்கிறது: "இந்த ஆய்வைச் சமூகவியல்காரர் செய்துவிட மாட்டாரா?" ஆய்வு முடிந்ததும் அந்த மக்களோடு சேர்ந்து எதை மாற்றப்போகிறோம் என்பதும் சமூகப்பணி ஆய்வுக்குள் வரும் என்றேன். இன்றும் அதை நம்புகிறேன்.

தலைப்பும் மாறிவிட்டது. முதலில் எழுதியது 2004 சுனாமிக்குப் பிந்தைய மறுவாழ்வு பற்றி. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு மீன்கார அக்காவிடம் பேசப் போனேன். அன்னக்கூடையில் சங்கரா மீனின் மேல் ஐஸைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "சுனாமிய கேக்க எத்தினியோ பேரு வந்தாங்கம்மா. விடிகாலைல ஏலத்துக்கு வர்ற எங்களுக்கு ஒதுங்க ஒரு கக்கூஸ் இருக்கான்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். வீட்டுக்கு வந்து ஆய்வு முன்வரைவைப் புதிதாக எழுதினேன். இப்போது தலைப்பு, மீன் விற்கும் பெண்களின் பணியிட வசதிகள்.

அடுத்த மாதம் பாடப்பயிற்சி தொடங்குகிறது. அப்புறம், அன்று ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரை முதலில் போய்ப் பாருங்கள் என்று சொன்ன அண்ணனுக்கு நன்றி.