கொட்டேஜ் கரையில டொக் போட்ட கதை, உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

2019ல ஒன்ராறியோவில, பிஜன் லேக் எண்ட ஏரிக்கரையில கொட்டேஜ் (லீவுக்குப் போய் நிக்கிற வீடு) ஒண்டு வாங்கினனாங்கள். வாங்கின நாளில இருந்து எனக்கு ஒரே பிடி, டொக், அதுதான் தண்ணிக்குள்ள நீட்டுற படகுத்துறை, போட வேணும், பிள்ளையள் குதிக்க, 16 அடி அலுமினிய போட்டைக் கட்ட, நான் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடிக்க. அப்பா பருத்தித்துறை ஆள், வந்து கரையில நிண்டு பாத்திட்டு முதல் கேட்டது "காத்து எங்கால அடிக்கிறது?" எண்டுதான். நான் சிரிச்சுப்போட்டன். ஏரிதானேப்பா, இதில என்ன கடல்காத்து மாதிரி கச்சானும் சோளகமும்.

மிதக்கிற டொக் ஒண்டு போட்டன், விலை குறைவு, கொண்டுவந்து இறக்கி சங்கிலியால கட்டிவிட்டா சரி. எங்கட கரை மேற்கப் பாத்தது, இடையில மறைப்பு ஒண்டுமில்லை, பின்னேரம் மேல்காத்து கிளம்பினா அலை முழுக்க நேர எங்களிட்டத்தான் வரும். ஒரு சமருக்குள்ள பிணைச்சல் எல்லாம் கழண்டு போச்சு. அதோட கரையில இருந்து 30 அடி போனாலும் தண்ணி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலதான், கீழ சேறும் பாசியும், மோட்டர் இறக்கினா காத்தாடியில பாசி சுத்தும்.

அடுத்து மரப்பெட்டி அடிச்சு உள்ளுக்க கல்லு நிரப்பி இறக்கிற கிரிப் டொக் போடலாமெண்டு நினைச்சன். கொன்ட்ராக்டர் ஒருத்தர் "பெர்மிட் தேவையில்லை" எண்டார். எதுக்கும் நானே போன் அடிச்சுக் கேட்டன், நல்லகாலம். பிஜன் லேக் ட்ரென்ட்-செவர்ன் வாட்டர்வே எண்ட படகுப் பாதைக்குள்ள வருகுது, ட்ரென்டனில இருந்து ஜோர்ஜியன் பே மட்டும் 386 கிலோமீட்டர், மத்திய அரசின்ர பார்க்ஸ் கனடாவின்ர பொறுப்பு. தண்ணிக்குள்ள வேலை செய்யிறதெண்டா அவையின்ர அனுமதி வேணும், மீன் முட்டை போடுற காலத்தில கை வைக்கவே விடமாட்டினம்.

பிறகு அந்த விண்டர் முடிய பக்கத்து வீட்டுக்காரரின்ர கிரிப்பைப் பாத்தன், அதோட ஆசை விட்டுப்போச்சு. ஐஸ் மரத்தோட ஒட்டி இறுகி நிக்கும், வசந்தத்தில தண்ணி ஏறேக்க ஐஸும் ஏறும், பெட்டியையும் சேத்துத் தூக்கும், தூக்கின இடைவெளிக்குள்ள அடிக்கல்லு சரிஞ்சு விழும், பிறகெப்பிடி அது பழையபடி நேர இருக்கும்? அவற்ற டொக் கோயில் தேர் சரிஞ்ச மாதிரி நிண்டுது.

கடைசியா போட்டது சில்லு வைச்ச பைப் டொக், ஏரி அடியில பைப் கால் ஊண்டி நிக்கிறது, அலுமினிய சட்டம், மேல சீடர் பலகை. 48 அடி நீளம், அங்க போனாத்தான் மோட்டருக்குத் தேவையான 3 அடி தண்ணி. கால் மெல்லிசு, அலை ஊடால போயிடும். ஐஸ் பிடிக்க முதல், ஒக்டோபரில தாங்ஸ்கிவிங்குக்கு மச்சான்மார் வந்தா எல்லாருமா இழுத்துக் கரையில ஏத்திறது, வான்கோழிக்கு முதல் அதுதான் வேலை.

-----

அண்ணை, உங்கட பக்கம் சீசனில தண்ணி மட்டம் பெரிசா மாறாது. நாங்கள் உங்களுக்கு வடக்கால ஹாலிபர்ட்டனில, தண்ணி சேத்து வைக்கிற ரிசர்வாயர் ஏரிக்கரை, உங்கட வாட்டர்வேயில போட் ஓடுறதுக்கு எங்கட ஏரியிலதான் தண்ணி திறந்து விடுறது 😀 ஜூனில அளந்து பைப் டொக் போட்டம், ஓகஸ்ட் கடைசியில பாத்தா டொக் மேல, தண்ணி எங்கயோ கீழ, ஏணி வைச்சு இறங்கினது. இப்ப தண்ணியோட ஏறி இறங்கிற மிதக்கிற டொக்கும், கரையில இருந்து அதுக்குப் போக நீட்டு ராம்பும் (சரிவுப் பாலம்). உங்களுக்குச் சரிவராதது எங்களுக்குத்தான் சரிவந்தது. இன்னொண்டு, இஞ்ச கன ஏரியளில கரையோரம் 66 அடி டவுன்ஷிப்பின்ர ரோட் அலவன்ஸ், அதாவது ரோட்டுக்கெண்டு ஒதுக்கின காணி, அதைத் தனியா வாங்காட்டி உங்கட காணி தண்ணி மட்டும் வராது. லோயரிட்டக் கேட்டிட்டுக் கையெழுத்து வையுங்கோ, நாங்கள் வாங்கின பிறகுதான் கேட்டனாங்கள்.

-----

நான் வாங்கேக்கயே கிரிப் இருந்தது, கழட்டேலாது, அதால பபிளர் (தண்ணிக்கடியில காத்துக்குமிழி விடுற மெசின்) போட்டு சுத்திவர ஐஸ் பிடிக்காமல் வைச்சிருக்கிறன். ஆனா ஐஸில ஓட்டை விட்டா ஆக்கள் விழாமல் காவல் போடுறது உங்கட கடமை, குற்றவியல் சட்டம் 263ஆம் பிரிவு. ராவில ஸ்னோமொபீல் ஓடுறவைக்கு அது தெரியாதுதானே. கயிறு, லைட், போர்ட் எல்லாம் போட்டிருக்கிறன், எண்டாலும் விண்டர் முழுக்க நித்திரை வராது, கரண்ட் பில் வேற.

-----

முதல் எழுதின நான்தான், பபிளர் எனக்கு வேண்டாமப்பா. இப்ப இருக்கிற ஒரே பிரச்சினை சில்லு சேத்துக்குள்ள புதையுது, போன முறை ட்ரக்ல கயிறு கட்டி இழுக்க ஒரு கால் வளைஞ்சு போச்சு. ஆராவது அகலமான பிளாஸ்டிக் சில்லு போட்டுப் பாத்திருக்கிறியளோ?