அறுப்பு முடிந்து தருகிறோம்: பள்ளிக்கூடத்துத் தெருக் கடைகள்

பள்ளி நாள்களில் பார்த்த கடைக்காரர்களைப் பற்றிக் காவிரி டெல்டாக்காரர்கள் பகிர்ந்துகொண்ட நினைவுகள்

நீடாமங்கலம் பக்கத்துக்காரர்

ஜூனில் பள்ளி திறக்கும். அதே மாதம் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பார்கள். வீட்டில் இருந்த காசெல்லாம் விதைநெல்லுக்கும் உழவுக்கும் போயிருக்கும். பள்ளிக்கு எதிரே நோட்டுக்கடை வைத்திருந்தவருக்கு இது தெரியும், கடனாகவே தருவார். குறுகிய கால நெல்லான குறுவை போட்டவர்கள் தீபாவளிக்குள் கொடுக்க வேண்டும், நீண்ட கால நெல்லான சம்பா மட்டும் என்றால் தை மாதம். சிவப்பு அட்டை நோட்டில் ‘மேலத்தெரு வாய்க்கால் வீடு’ என்று எழுதிக்கொள்வார்.

நான் ஏழாவது படித்தபோது ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. அப்பா கடைக்குள் வராமல் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டார். கடைக்காரர் என்னிடம், “தம்பி, அப்பாவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல். உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்” என்றார். சிவப்பு நோட்டை அவர் திறக்கவே இல்லை. எழுதாத கடனை எந்தக் கணக்கில் அடைப்பது என்று அப்பா தை வரை புலம்பிக்கொண்டிருந்தார். பின்னாளில் கடையை இடித்தபோது கடைக்காரருடைய மகன் அந்த நோட்டை எங்களிடம் கொடுத்துவிட்டார். அதில் எங்கள் வீட்டுக் கணக்குத் தாள்களில் அந்த ஒரு வருடத்துக்கான பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

திருவாரூர்க்காரர்

உங்கள் கடைக்காரர் நல்லவர், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் கடனை நெல்லாகத்தான் வாங்குவார், அதுவும் களத்துக்கே வந்து. நெல் அளவில் ஒரு கலத்துக்கு 12 மரக்கால். மரக்கால் என்கிற அளவுப் பாத்திரத்தை அவரே கொண்டுவருவார். தலை தட்டாமல், கும்பாச்சியாகக் குவித்து அளப்பார். “லாபம்... இரண்டு... மூன்று...” என்று (ஒன்றை லாபம் என்றுதான் சொல்வார்கள்) எண்ணிக்கை போய்க்கொண்டிருக்கும்போது, பள்ளிச் சீருடையோடு நின்ற என் அக்கா, “மாமா, இந்த மரக்கால் எங்கள் வீட்டு மரக்காலைவிடப் பெரிதாக இருக்கிறதே” என்றாள். களத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தாத்தா அக்காவைத்தான் அதட்டினார். கடைக்காரர் தொடர்ந்து அளந்தார். எனக்கு இன்றும் ஆறவில்லை.

மன்னார்குடிக்காரர்

திருவாரூர் அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி. அளவில் அநியாயம் நடந்தது உண்மை. ஆனால் மழை பொய்த்த வருடத்தில் ஊருக்கு அரிசியும் எண்ணெயும் கடன் கொடுத்தது யார்? அதே கடைதான். 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கி, கொள்முதல் நிலையங்கள் வந்து, நெல்லைத் தராசில் நிறுத்துக் காசாகக் கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் அந்தப் பிடி தளர்ந்தது. நிலையத்தில் ஈரப்பதம் என்று சொல்லி மூட்டையைத் திருப்பி அனுப்பிய கதைகள் வேறு. என் அனுபவம் சின்னது. வாடகை சைக்கிள் கடைக்காரர் என்னை அரைப்பெடல் போடவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தந்தார். ஆனால் மேற்கண்ட இருவரும் ஒன்றை மறந்துவிட்டார்கள்: கடைக்காரருக்கும் மொத்த வியாபாரியிடம் கடன் இருந்தது.

செம்பனார்கோயில்காரர்

கடன் வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயிலில் பள்ளிக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 1926இல் வந்த பாதை, 1986இல் நிறுத்திவிட்டார்கள். நடைமேடையில் அவித்த கடலை விற்ற ஆத்தாவுக்கு எங்கள் பரீட்சைத் தேதிகள்கூடத் தெரியும். பரீட்சை அன்று ஒரு பிடி கூடுதலாகப் போடும். ரயில் நின்ற பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். கூடையோடு அதே தூணடியில் உட்கார்ந்திருந்தது. “இனி ரயில் வராதே ஆத்தா” என்றேன். “தெரியும் சாமி. நீங்கள் வருவீர்களே” என்றது. நாங்களோ அதற்குள் பஸ்ஸுக்காக வேறு வழியில் போகத் தொடங்கியிருந்தோம்.

கும்பகோணத்துக்காரர்

எங்கள் பள்ளி வாசலில் பேனாவுக்கு மை ஊற்றித் தரும் பெரியவர் இருந்தார். சட்டையில் சிந்தினால் தன் துண்டாலேயே துடைத்துவிடுவார். அவ்வளவுதான் என் கதை.

நீடாமங்கலம் அன்பருக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சிவப்பு நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் பூச்சி அண்டாமலிருக்க வசம்பு, கருஞ்சீரகம் முதலியவற்றைப் பொடித்து முடிச்சாகக் கட்டிச் சுவடிகளோடு வைக்கும் வழக்கம் உண்டு. நாமும் அப்படிச் செய்யலாம், முடிச்சு தாளில் நேராகப் படக்கூடாது. நோட்டை வெயிலில் காயவைக்காதீர்கள், மை வெளுத்துவிடும். நிழலில் காற்றாட வைத்தால் போதும். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த வெற்றுப் பக்கத்தையும் சேர்த்து. ஐப்பசி அடைமழை தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள்.