மழை இரவும் சர்க்கஸ் முதலாளியும்

2002 ஐப்பசியில் எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் ஒரு சிறிய சர்க்கஸ் இறங்கியது. மாமா டிராக்டரில் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவார். கூடவே நானும் போவேன். முதலாளி கேரளத்துத் தலச்சேரிக்காரர். அந்தரத்தில் தொங்கும் கம்பியில், அதாவது பாரில், விளையாடித் தோள்பட்டை கெட்டவர். மனைவி டிக்கெட் கொடுப்பார், மகன் பாரில் பறப்பான், மருமகள் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுவார். காலையில் பார்த்தால் அதே மருமகள் கூடாரத்தின் பின்புறம் உட்கார்ந்து, சட்டையில் உதிர்ந்த பாசிமணிகளைத் தைத்துக்கொண்டிருப்பார்.

திடலின் ஓரத்தில் ஒரு சிங்கக் கூண்டு நின்றது. உள்ளே வெங்காய மூட்டைகள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வைத்து வித்தை காட்டத் தடை விதித்த 1998ஆம் ஆண்டு அறிவிக்கையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. மிருகங்களுக்கு அது நியாயம்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றை நம்பிப் பிழைத்த மனிதர்களின் கதியை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

ஓர் இரவு மழை பிடித்துக்கொண்டது. முதலாளி டார்ச் விளக்கோடு கூடாரத்தைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு கயிற்றையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், கொஞ்சம் தளர்த்துவார், அடுத்த முளைக்குப் போவார்.

"நனைந்தால் கயிறு இறுகும் தம்பி. அப்படியே விட்டால் முளையைப் பிடுங்கிவிடும்" என்றார்.

மூன்று நாள் காட்சி இல்லை. காட்சி இல்லாவிட்டாலும் அறுபது பேருக்கு உலை வைத்தாக வேண்டும். நான்காம் நாள் சமையல் கொட்டகையில் புது அரிசி மூட்டைகள் இறங்கியிருந்தன. முதலாளியின் மனைவி கழுத்தில் சங்கிலியைக் காணவில்லை.

*

உங்கள் கட்டுரையில் தலச்சேரி என்று படித்ததும் இந்தக் கடிதத்தை எழுதத் தோன்றியது. நான் அங்கே ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கிய சிறக்கரா அங்கேதான் இருக்கிறது. அவரிடம் பயின்றவர்தான், 1951இல் விஜயா சர்க்கஸை 6,000 ரூபாய்க்கு வாங்கி ஜெமினி சர்க்கஸாக்கிய சங்கரன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவும் பார் விளையாடியவர். கணவரோடு சிறிய சர்க்கஸ் ஒன்றை நடத்திக் கடனில் விற்றவர். எழுபது வயதிலும் அவர் உள்ளங்கையில் காய்ப்பு போகவில்லை. வானம் இருட்டினால் துணிகளை எடுத்த கையோடு கொடிக்கயிற்றையும் தளர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். காரணம் இன்றுதான் எனக்குத் தெரிந்தது.