புதுப்பிப்பு: 2004 ஹோண்டா அக்கார்டுக்கு மாற்றுச் சாவி கிடைத்துவிட்டது (கோலாலம்பூர்)

பழைய அக்கார்டுக்கு இரண்டாவது சாவி எங்கே, எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி.

"தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும், சாவியோடு வந்த, சாவி எண் பொறித்த சிறு தகட்டைக் கொடுங்கள்" என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு சாவிக் கடையில் அந்த எண்ணை வைத்தே வெட்டினார்கள். கதவு சுலபமாகத் திறந்தது. ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை, டாஷ்போர்டில் பச்சைச் சாவி விளக்கு மின்னியது. காரில் ஒரு கருவியை இணைத்து, சாவிக்குள் இருக்கும் சிப்பை (கார் தன் சாவியை அடையாளம் காண உதவும் சிறு மின்னணுத் துண்டு) காரில் பதிந்த பிறகே ஸ்டார்ட் ஆனது.

எதிர்பாராத விஷயம் ரிமோட்தான். அது சிப்போடு சேர்ந்ததல்ல, தனியாகப் பதிய வேண்டும். புதியதைப் பதிந்ததும் பழைய ரிமோட் வேலை செய்யவில்லை; அப்புறம் இரண்டையும் ஒன்றாகப் பதிந்தார்கள். அதனால் கடைக்குப் போகும்போது உங்கள் காரின் எல்லாச் சாவிகளையும் ரிமோட்களையும் கொண்டுபோங்கள்.