1951 பிளைமவுத் வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்கணும்?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை) – கேள்வி

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலை செட்டுல 1951 பிளைமவுத் கிரான்புரூக் ஒண்ணு விலைக்கு வருது. வலது பக்க ஸ்டீயரிங், கியர் ஸ்டீயரிங் தண்டுலயே, மூணு கியர். பல வருஷமா ஓடாம நிக்கி. பாடி கெட்டியா இருக்கு, பின் சக்கர வளைவுல மட்டும் துரு. எஞ்சினைக் கையால சுத்திப் பாத்தாச்சு, அசையல. ரேடியேட்டர் காஞ்சு கெடக்கு. ஆர்.சி. புக் இருக்கு, புதுப்பிக்காம விட்டிருக்காங்க.

எதைப் பாத்து முடிவு பண்ணணும்? இன்னொண்ணு, அந்தக் காசுக்கு நல்ல அம்பாசடரே கிடைக்குமே, இந்த அமெரிக்க வண்டியில அப்படி என்ன இருக்குன்னு வீட்ல கேக்காங்க. அதுக்கும் தெரிஞ்சவங்க சொல்லணும்.

கடையம் பட்டறை

முதல்ல அதுல இருக்கது சொந்த எஞ்சின்தானான்னு பாருங்க. பெட்ரோல் விலைக்குப் பயந்து இந்த வண்டிகள்ல நிறைய டீசல் எஞ்சின் ஏத்திட்டாங்க. பானெட்டைத் தூக்கினா சிலிண்டர் ஹெட் பலகை மாதிரி தட்டையா இருக்கணும், ஆறு பிளக்கும் அதுமேல ஒரே வரிசையா நிக்கணும். பிளாக்கோட இடது முன்பக்கம், டைனமோவுக்கு மேல, ஒரு சின்ன மேடையில எண் அடிச்சிருக்கும். அமெரிக்காவுல செஞ்ச கிரான்புரூக்கா இருந்தா பி23ன்னு தொடங்கும். ஆர்.சி.யில இருக்க எண்ணோட ஒத்துப் பாத்த பிறகு விலை பேசுங்க.

எஞ்சின் அசையலங்கிறதுக்காக ஒதுங்க வேண்டாம். ஆறு பிளக்கையும் கழட்டி, ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துற எண்ணெய்) அசிட்டோனும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 30 மில்லி ஊத்தி மூணு நாள் விடுங்க. கலவை சட்டுனு தீப்பிடிக்கும், பக்கத்துல பீடி, வெல்டிங் கூடாது. அப்புறம் கிராங்க் புல்லியைக் கையால முன்னும் பின்னும் கொஞ்சங் கொஞ்சமா அசைக்கணும். செல்ஃப் மோட்டார் போட்டு இழுக்கவே கூடாது, ஒட்டின ரிங் உடைஞ்சு சிலிண்டரைக் கீறிரும். பிஸ்டன் நகந்த பிறகும் கம்ப்ரஷன் வரலன்னா வால்வுதான் துருப்பிடிச்சு மேலயே நிக்கி. இது சைடு வால்வு எஞ்சின், ஹெட்டை எடுத்தா வால்வு கண்ணுக்கு நேரா தெரியும். மரக்கட்டை வச்சு மெதுவா தட்டி இறக்கி, தண்டுல எண்ணெய் விட்டா பெரும்பாலும் சரியாயிரும். திரும்ப மாட்டுறப்ப ஹெட் போல்ட்டு 65 முதல் 70 அடி-பவுண்ட். சில போல்ட்டு தண்ணி ஓடுற இடத்துக்குள்ள இறங்குது, அதுக்கு சீலன்ட் தடவணும், இல்லன்னா மரைவழியே தண்ணி கசியும். எஞ்சின் சூடானதும் இன்னொரு தடவை இறுக்கணும். வால்வு இடைவெளி சூட்டுல இன்லெட் 0.008 இஞ்ச், எக்ஸாஸ்ட் 0.010.

இப்ப முக்கியமானதைச் சொல்லுதேன். இந்த எஞ்சினைக் கொல்றது தண்ணிதான். வாட்டர் பம்புக்குப் பின்னால, பிளாக்குக்குள்ள முன்னிருந்து கடைசி வரைக்கும் நீளமா ஒரு தகட்டுக் குழாய் போகுது. ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் குளிர்ந்த தண்ணியைக் கொண்டு சேக்குறது அதுதான். அது துருப்பிடிச்சு ஓட்டையானா தண்ணி முன்னாலயே சுத்திட்டு வந்துரும், அஞ்சாவது ஆறாவது சிலிண்டர் கொதிக்கும், வால்வு கருகும், பிளாக்குல விரிசல் விழும். மீட்டர் மட்டும் சூடு சரின்னு காட்டிட்டே இருக்கும். ரேடியேட்டரையும் பம்பையும் கழட்டி அந்தக் குழாயை முன்பக்கமா உருவுங்க. துண்டு துண்டா வந்தாலும் முழுசா எடுத்துரணும். பித்தளையில புதுசு கிடைக்குது, துளைகள் பழையது இருந்த அதே திசையில இருக்கணும். அப்படியே பிளாக்கு ஓரத்து வெல்ஷ் பிளக்கை (தண்ணி அறையை மூடுற தகட்டு மூடி) எல்லாம் தட்டி எடுத்து, கம்பி விட்டுச் சேறைத் தோண்டுங்க. பின்பக்கம்தான் கெட்டியா இருக்கும். போர்வெல் தண்ணி வேண்டவே வேண்டாம், நம்ம பக்கத்து உப்புக்கு மறுபடியும் அடைச்சுக்கிடும். சுத்திகரிச்ச தண்ணியும் கூலன்டும் கலந்து மொத்தம் சுமார் 14 லிட்டர்.

சக்கரம் கழட்டும்போது கவனம். இடது பக்கச் சக்கர போல்ட்டுக்கு இடது மரை, கடிகாரத் திசையில திருகினாத்தான் கழலும். தெரியாம நீளக் குழாய் மாட்டி வழக்கமான திசையில திருகினா போல்ட்டு முறிஞ்சு போகும். பின் டிரம் சரிவான ஆக்ஸில்ல சாவி (இரும்பு ஆப்புத் துண்டு) போட்டு உக்காந்திருக்கு, நல்ல ஹப் புல்லர் இல்லாம வராது. ஆக்ஸில் முனையில சுத்தியால அடிச்சா உள்ள பேரிங் போச்சு.

பிரேக்குல முன் சக்கரம் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வீல் சிலிண்டர், பின்னால ஒண்ணொண்ணு, ஆக ஆறு. மாஸ்டர் சிலிண்டர் காலடிப் பலகைக்குக் கீழ. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் இணைப்புங்கிறதால ஒரு குழாய் போனா நாலு சக்கரமும் போச்சு. குழாய், மூணு ரப்பர் ஹோஸ், சிலிண்டர் ரப்பர் கிட்டு எல்லாம் புதுசா போடாம கேட்டுக்கு வெளிய எடுக்காதீங்க. உள்சுவர் குழி விழுந்திருந்தா லேத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் இறக்கிரலாம். ஹேண்ட்பிரேக் கியர்பாக்ஸ் பின்னால தனி டிரம்ல பிடிக்கும், ஓடும்போது இழுக்கிறதுக்கு இல்ல. ஆரியங்காவு தாண்டித் தென்மலைப் பக்கம் இறங்குறப்ப ரெண்டாவது கியர்லயே இறங்கணும், பிரேக்கை நம்பி டாப்புல விட்டா டிரம் சூடாகிப் பிடிக்காது.

குற்றாலச் சாரல்

வீட்டுக் கேள்விக்கு நான் சொல்கிறேன். அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி. இந்த பிளைமவுத் 217.8 கன இஞ்ச், ஏறத்தாழ 3.6 லிட்டர். சிலிண்டர் துளை 3¼ இஞ்ச்தான், ஸ்ட்ரோக்கோ (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4⅜ இஞ்ச். பவர் 97 குதிரைதான், ஆனால் இழுவை முழுவதும் நிமிடத்துக்கு 1200 சுற்றுப் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதனால் டாப் கியரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போய், அப்படியே மிதித்தால் குலுங்காமல் ஏறும். ஒருமுறை ஓட்டியவர்கள் மயங்குவது இந்தக் குணத்துக்குத்தான்.

அமெரிக்காவிலும் அன்று கிராமத்துச் சாலைகளில் பாதி மண் சாலைகள். அதற்காகக் கட்டிய தனி அடிச்சட்டம் (சேஸிஸ்), உயரமான அடிப்பாகம், மெத்தென்ற ஸ்பிரிங் எல்லாம் நம் செம்மண் தடத்துக்கும் பொருந்தின. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில் செவர்லே கார்களைப் பாகம் சேர்த்துப் பூட்டியது. 1947 முதல் குர்லாவில் பிரீமியர் ஆலை, பிளைமவுத் உள்ளிட்ட கிரைஸ்லர் குடும்பத்து வண்டிகளைப் பூட்டியது. அதனால்தான் பழுது பார்க்கும் கை நம் ஊர்ப் பட்டறைகளிலும் ஊறியது.

அழகு என்று பார்த்தால் இதைக் கடிலாக்கோடு ஒப்பிடக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்லின் குழுவினர் பி-38 போர்விமானத்தின் வாலைப் பார்த்து 1948 கடிலாக்கில் சின்னத் துடுப்பு வைத்தார்கள், 1959-ல் அது உச்சத்துக்குப் போனது. கிரைஸ்லர் தலைவர் கே.டி. கெல்லரோ தொப்பி போட்டவர் தொப்பியோடு உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் கூரை உயரம், இருக்கை நாற்காலி உயரம். ஷோரூமில் அது பழைய மோஸ்தராகத் தெரிந்தது. ஆனால் வேட்டி கட்டிய பெரியவர்கள் குனியாமல் ஏறி, கால் நீட்டி உட்காரலாம். எனக்கு கெல்லர் பக்கம்தான் சரி என்று படுகிறது.

செவர்லேயும் பார்வையில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதன் 216 கன இஞ்ச் எஞ்சினில் கனெக்டிங் ராடுக்கு எண்ணெய் அழுத்தத்தில் போவதில்லை, தொட்டியிலிருந்து கரண்டி அள்ளித் தெளிக்கும். நாங்குநேரி நாலுவழிச் சாலையில் மணிக்கணக்கில் விரட்டினால் பேரிங் தாங்காது. 1954 முதல்தான் எல்லா 235 எஞ்சினுக்கும் முழு அழுத்தம். பிளைமவுத்துக்கு அந்தக் கவலை இல்லை.

வயரிங் மேலப்பாளையம்

கரண்ட் பக்கம் மட்டும் சொல்லுதேன். இது 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். பேட்டரியோட பிளஸ்தான் பாடிக்குப் போகும். 12 வோல்ட் பேட்டரி வச்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க, பல்பும் மீட்டரும் கருகிரும். காயில்ல பிளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கு, மைனஸ் சாவிக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.020 இஞ்ச். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. டைனமோவைக் கழட்டி மாட்டினா, ஓட விடுறதுக்கு முன்னால ரெகுலேட்டர்ல ஆர்மேச்சர் முனையையும் பேட்டரி முனையையும் ஒரு வயரால கண நேரம் தொட்டு எடுக்கணும், இல்லன்னா சார்ஜ் தலைகீழாகி கட்-அவுட் (பேட்டரி கரண்ட் டைனமோவுக்குத் திரும்பாம தடுக்குற சுவிட்ச்) பாயிண்ட் ஒட்டிக்கிடும்.

6 வோல்ட்டுக்கு செல்ஃப் இழுக்காதுன்னு 12-க்கு மாத்தச் சொல்லுவாங்க. கேக்காதீங்க. அம்பாசடர் கேபிளைப் போட்டா எதுதான் இழுக்கும்? பாதி வோல்ட்டுன்னா ரெட்டிப்பு கரண்ட் ஓடுது. 50 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் போட்டு, எர்த் முனையில பெயின்ட்டைச் சுரண்டி, எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் தனிப் பட்டை குடுங்க, சுத்தமா இழுக்கும்.

பெட்ரோல் பம்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழதான். அக்னி நட்சத்திரத்துல சூட்டுல ஆவி அடைச்சு நின்னுரும். பம்புக்கான தகட்டு மறைப்பு காணாம போயிருந்தா செஞ்சு மாட்டுங்க. மேனிஃபோல்டுல சூட்டைத் திருப்பிவிடுற, எடைக்கட்டி வச்ச வால்வு ஒட்டி நிக்கான்னும் பாருங்க. இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பம்புல இருக்க பழைய டயாஃப்ரத்தை (ரப்பர் சவ்வு) ஊற வச்சுரும், அதுக்குத் தாங்குற ரப்பர் கேட்டு வாங்கணும். கம்ப்ரஷன் 7-க்கு 1தான், விலை கூடின பெட்ரோல் தேவையில்ல.

பொருநைக்கரை

ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஹெட் கேஸ்கெட் வெளியூர்ல ஆர்டர் போடணும்னா கிரான்புரூக்குன்னு சொன்னா போதுமா? ஆர்.சி.க்கு என்ன வழி?

கடையம் பட்டறை

போதாது. ஹெட்டை நீளவாக்குல அளந்துட்டு ஆர்டர் போடுங்க. அமெரிக்க பிளைமவுத், டாட்ஜுக்கு 23½ இஞ்ச். கனடாவுல செஞ்சதுக்கும் கிரைஸ்லர், டிசோட்டோவுக்கும் 25 இஞ்ச். வெளிநாட்டுக்கு வந்த வண்டியில எது இருக்கும்னு சொல்ல முடியாது. பிஸ்டன், பிளாக்குக்குள்ள போற தண்ணிக் குழாய் எல்லாமே இந்த அளவைப் பொறுத்துதான்.

குற்றாலச் சாரல்

ஆர்.சி.க்கு இரண்டு வழி. வழக்கம்போல் தகுதிச் சோதனை காட்டிப் புதுப்பிக்கலாம். அல்லது 2021 ஜூலை விதிப்படி, 50 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டி என்று விண்டேஜ் பதிவு கேட்கலாம். படிவம் 20, காப்பீடு, பழைய ஆர்.சி. வேண்டும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் விண்டேஜ் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு தவிர அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. ஞாயிறுதோறும் குற்றாலம் போய்வர நினைத்தால் வழக்கமான புதுப்பிப்பே நல்லது. எந்த வழி என்றாலும், முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்த எண்ணுக்குப் பழைய பதிவேடு இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.